கொயோட்டியும் குழலளவும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கணத்தைப் பற்றியோ, எமக்குக் கற்பித்த ஆசான்மாரைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாமோ துவக்கைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். அதிலும், கனடா நாட்டிலே ஆட்டுக்குட்டிகளைக் கவர்ந்து செல்லும் கொயோட்டி என்னும் விலங்கைச் சுடுவதற்கு எவ்வளவு குழலளவுடைய துவக்குத் தகும் என்பதே எமது பொருள். புலால் உண்ணாதவரும் அறநூல் கற்பிப்பவருமாகிய ஒருவர் இந்துக் கல்லூரியின் மலரிலே இதனை எழுதுவது தகுமோ எனச் சிலர் முகஞ்சுளித்தலும் கூடும். அன்னார் இறுதிவரை வாசித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுவாராக.

எம்மோடு இக்கல்லூரியிலே ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலே குடியிருக்கிறார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எம்மைப்போலவே பெற்றோருடன் வலிகாமத்தை விட்டு நடந்தவர். பின்னர் நாட்டை விட்டே சென்றவர். பல்லாண்டு தொழிற்சாலைகளில் இரவுவேலை செய்து சேர்த்த பணத்தில், புல்வெளி நிலமொன்றை வாங்கி நாற்பது செம்மறியாடுகளை வளர்த்து வருகின்றார். கமக்காரர் குடும்பத்திற் பிறந்தவருக்கு மண்ணாசை எந்நாட்டிலும் விடுவதில்லைப் போலும். 2023 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையிலே, அவர் அன்பாக அழைத்தமையால், நாம் சில கிழமைகள் அவர் இல்லத்திலே தங்கியிருந்தோம்.

சித்திரை நமக்கு வெயிற்காலம். அங்கோ அப்போதுதான் பனி கரையத் தொடங்கும். ஆடுகள் ஈனுங் காலமும் அதுவே. நாம் அங்கிருந்த முதற் பத்து நாட்களுக்குள் மூன்று குட்டிகள் கழுத்திற் கடியுண்டு மாண்டன. அவற்றுள் ஒன்று நண்பரின் மனைவியார் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தது. விடியற்காலையில் அவர் சென்று பார்த்தபோது அது உயிர்போகாமற் கிடந்து துடித்துக் கொண்டிருந்தது.

கொயோட்டி என்பது நாய்க்குலத்தைச் சேர்ந்தது. நம் காட்டு நரியினும் சற்றுப் பெரியது. ஓநாயினும் மிகச் சிறியது. வளர்ந்த விலங்கொன்று பத்து முதல் இருபது கிலோகிராம் வரை நிறையிருக்கும். பெயரைப் பற்றித் தமிழாசிரியர் ஒரு வார்த்தை கூறாதிருத்தல் இயலாது. மெக்சிக்கோவின் பழங்குடியினரது நாகுவாற்றில் மொழியிலே 'கொயோற்றில்' என வழங்கியதை ஸ்பானியர் கொயோட்டி ஆக்கினர். ஆங்கிலேயர் அவரிடமிருந்து கடன் பெற்றனர். அமெரிக்கக் கண்டத்திலே மனிதன் ஓநாய்களைக் கொன்றொழித்த இடங்களிலெல்லாம் இவ்விலங்கு சென்று புகுந்தது. நஞ்சு வைத்தும், பொறி வைத்தும், சுட்டும் நூறாண்டுக்கு மேலாக ஒழிக்க முயன்றும், அதன் எல்லை குறையாது விரிந்தே வந்திருக்கின்றது. அலாஸ்காவிலிருந்து பனாமா வரை இன்று அதனைக் காணலாம். ஆதலால் கொயோட்டியை ஒழிப்பது நண்பரின் நோக்கமன்று. தம் பட்டிக்குள் நுழையப் பழகிக்கொண்ட ஒன்றிரண்டைத் தடுப்பதே அவர் வேண்டியது.

துவக்கு என்றவுடன் எம் தலைமுறையினர் நெஞ்சில் எழுவது என்னவென்று இம்மலரை வாசிப்போருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிற நாட்டுப் பிள்ளைகள் பறவைகளைக் குரலாற் பிரித்தறியும் வயதிலே, நாம் துவக்குகளை ஓசையாற் பிரித்தறிந்தோம். ஏழு புள்ளி அறுபத்திரண்டு, ஐந்து புள்ளி ஐம்பத்தாறு என்னும் எண்கள் கணித பாடத்திலே வந்தவையல்ல. நண்பர் தம் வாழ்நாளில் துவக்கைத் தொடுவதில்லை எனத் தீர்மானித்திருந்தவர். அவர் மனைவியாரோ போரிலே தமையனை இழந்தவர். அத்தகையோர் வீட்டிலே துவக்கு வாங்குவதா வேண்டாவா என்னும் பேச்சு எழுந்தபோது, அன்றிரவு ஒருவரும் சரியாக உண்ணவில்லை.

கனடாவிலே துவக்கு வைத்திருப்போர் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, பரீட்சையிற் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்போர் குறைந்தது 28 நாட்கள் காத்திருத்தலும் வேண்டும். சென்ற ஆண்டும் குட்டிகளை இழந்தமையால், நண்பர் மனமில்லாமலே அதனைப் பெற்று வைத்திருந்தார். எஞ்சியிருந்தது எதனை வாங்குவது என்னும் வினா ஒன்றே. அவர் எம்மிடம் கூறியது இது: "மச்சான், இருக்கிறதுக்குள்ள சின்னதாப் பார்த்து ஒண்டு வாங்குவம். சத்தமும் குறைவு. அதுக்கும் பெரிசா நோகாது, எனக்கும் மனம் நோகாது."

அவர் மனத்திலிருந்தது .22 லோங் றைபிள் என்னும் மிகச் சிறிய துவக்கு. 1887 ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவது. சிறுவர்க்கும் பழக்கலாம் என்பர். தோட்டாவின் விலையும் சொற்பம். இரக்கமுள்ள மனம் சிறியதை நாடுதல் இயல்பே. ஆயின், அயலிலே நாற்பதாண்டு ஆடு வளர்த்த முதியவர் ஒருவர் இதனைக் கேட்டதும் தலையை அசைத்து மறுத்துவிட்டார். "அதனாற் சுட்டால் விலங்கு சாகாது, காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் விழுந்து மூன்று நாள் கிடந்து சாகும். நீர் அதனைக் காணமாட்டீர். அவ்வளவே வேறுபாடு" என்றார். காணாத வேதனை இல்லாத வேதனை ஆகிவிடாது என்பதை இதனினும் தெளிவாக எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை.

இனி, குழலளவு என்பது யாது எனச் சிறிது விளக்குவோம். நம் வன்னிக் கமக்காரர் பயிர்காக்க வைத்திருக்கும் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கை நேயர்கள் அறிவர். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குள் இறுகப் பொருந்தும். அதனாலேயே அப்பெயர். அவ்வழக்கில் இலக்கம் ஏற ஏறக் குழல் சிறுக்கும். றைபிளின் கணக்கு வேறு. அதன் குழலுக்குள்ளே சன்னத்தைச் சுழலச்செய்யும் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். அதன் எண் குழலின் அகலத்தையோ சன்னத்தின் அகலத்தையோ அங்குலத்தின் பின்னமாகத் தழுவி எழுந்தது. .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு.

எண்ணை மாத்திரம் நம்புவோர் ஏமாறுவது இங்கேதான். நண்பர் விரும்பிய .22 லோங் றைபிளின் சன்னமும், .223 றெமிங்ரன் என்பதன் சன்னமும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே. மயிரிழை வேறுபாடுதான் உண்டு. ஆயின் முன்னதன் சன்னம் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் நிறையுடையது. செக்கனுக்கு ஏறக்குறைய 370 மீற்றர் வேகத்திலே புறப்படும். அதன் ஆற்றல் 175 யூலுக்கு அண்மையில் நிற்கும். பின்னதன் சன்னம் 55 கிரெய்ன், அதாவது மூன்றரைக் கிராம். வேகமோ செக்கனுக்கு 990 மீற்றர் வரை. ஆற்றல் 1,700 யூலுக்கு மேல். அகலம் ஒன்று, ஆற்றலோ பத்து மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும் என விஞ்ஞான ஆசிரியர்கள் கற்பிப்பது இதுவே. தோட்டாவின் கூடு கொள்ளும் மருந்தின் அளவு அங்கே பேசுகின்றது. பெயரிலுள்ள எண் பேசுவதில்லை.

வள்ளுவனார் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அவ்வரிசை, அல்பேட்டாவின் புல்வெளியிலே ஓர் ஆட்டிடையர்க்கும் அப்படியே பொருந்தியதை நாம் கண்டோம்.

முதலாவது வலி. கொயோட்டியின் உடல் மயிரடர்ந்து பெரிதாகத் தோன்றினும், நெஞ்சும் ஈரலும் அமைந்த உயிர்நிலை ஒரு தேங்காயளவினதே. அதில் ஒரே வெடியிலே உயிர் பிரியுமாறு படுதல் வேண்டும். .17 எச்.எம்.ஆர். என்பது 2002 இல் வந்தது. வேகமுடையதாயினும் சன்னம் ஒரு கிராமை அடுத்த நிறையே. அண்மையில் நிற்கும் முயலுக்கும் அணிலுக்கும் அது போதும். கொயோட்டிக்குப் போதுமென உறுதி கூற இயலாது. மறுபுறத்தில் 1955 இல் வந்த .243 வின்செஸ்ரர் இருக்கின்றது. மான் வேட்டைக்கும் ஏற்றது. காற்றுக்கு எளிதில் அசையாதது. ஆற்றல் 2,600 யூல் வரை. பத்துப் பன்னிரண்டு கிலோ விலங்குக்கு அது வேண்டியதற்கு மேல். ஓசையும் தோளில் உதைப்பும் அதிகம். இவ்விரண்டுக்கும் இடையிலே .22-250 றெமிங்ரன் என ஒன்றுண்டு. .250 சவேஜ் என்னும் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி ஆர்வலர் தாமே செய்து வந்ததை அந்நிறுவனம் 1965 இல் முறைப்படுத்தியது. 55 கிரெய்ன் சன்னத்தைச் செக்கனுக்கு 1,100 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அனுப்பும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கொயோட்டியைச் சுடுவோர் அதனையே புகழ்வர். ஆயின் அதன் குழல் விரைவிலே தேயும். தோட்டாவும் விலை கூடியது.

நண்பரின் மேய்ச்சல் நிலத்திலே ஆகக்கூடிய தூரம் இருநூறு மீற்றர். அத்தூரத்துக்கு .223 அமையும். அதன் தோட்டா எங்கும் கிடைக்கும். பிறவற்றினும் விலை குறைவாதலாற் பலமுறை இலக்கு வைத்துப் பழகலாம். பழகாதவன் கையிலே எந்தக் குழலளவும் கொடுமையே செய்யும். ஆகவே முதியவரும் கடைக்காரரும் ஒரே முடிவைக் கூறினர்.

அதனை ஏற்க நண்பருக்கு ஒரு தடை இருந்தது. .223 என்பது 1964 இல் விற்பனைக்கு வந்தபோதே, படையினரின் ஐந்து புள்ளி ஐம்பத்தாறுடன் உடன்பிறந்தது. வெளியளவு ஒன்று, பெயர் வேறு. கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டியபோது நண்பரின் முகம் மாறியதை நாம் கண்டோம். "இது அதேதானே?" என்றார் தமிழில். நாம் விடைகூறவில்லை. கடைக்காரரோ, அவர் எதனை நினைக்கிறார் என்பதை அறியாதவராய், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என விளக்கினார். படைத் தோட்டாவின் அமுக்கமும் அதற்குரிய அறையின் அமைப்பும் வேறு, அதனை.223 துவக்கிலே இடுதல் தகாது. சன்னமும் வேறு. படைச் சன்னம் முழுவதும் உலோகக் கவசம் பூண்டது. உடலைத் துளைத்து அப்பாலுஞ் செல்லும். கொயோட்டிக்குரிய சன்னமோ மெல்லிய கவசமுடையது. உடலினுட் புகுந்ததும் சிதறி அங்கேயே நின்றுவிடும். உயிர் உடனே போகும். பின்னால் நிற்பவற்றுக்கு ஆபத்துங் குறையும். உடலுள் விரியும் சன்னத்தை மனிதர்மேல் ஏவலாகாதென 1899 ஆம் ஆண்டிலே ஹேக் நகரில் நாடுகள் உடன்பட்டன. மனிதனுக்குக் கொடுமையென விலக்கப்பட்டதே விலங்குக்கு இரக்கமென விதிக்கப்படுகின்றது. இம்முரணை எண்ணி எண்ணி நாம் அன்று நெடுநேரம் உறங்கவில்லை. போரிலே காயமுற்றவன் பிழைக்கலாம், அவனுக்கு வைத்தியன் உளன். காட்டிலே காயமுற்ற விலங்குக்கு வைத்தியன் இலன். முரணுக்கு எமக்குத் தோன்றிய விளக்கம் இவ்வளவே.

முடிவைக் கூறியவர் நண்பரின் மனைவியார். "இஞ்சரப்பா, குட்டி துடிச்சதையும் பார்த்தாச்சு. அதுவும் துடிக்க வேண்டாம். ஒரே வெடியோடை முடியிறதை வாங்குங்கோ. நம்பரைப் பார்க்காதேங்கோ" என்றார். தமையனைப் பறிகொடுத்தவர் வாயிலிருந்து அவ்வார்த்தை வந்தபின், வேறு பேச்சுக்கு இடமிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கையாற் பூட்டை இழுத்து ஒரு தோட்டாவை ஏற்றும் .223 றைபிள் வாங்கப்பட்டது. துவக்கு ஓர் அலுமாரியிலும் தோட்டா வேறோர் அலுமாரியிலும் பூட்டி வைக்கப்பட்டன.

இரண்டாவது காலம். உரோமத்துக்காக வேட்டையாடுவோர் பனிக்காலத்திலே சுடுவர். ஆட்டிடையர்க்கோ துன்பம் வருவது வசந்தத்தில். கொயோட்டி குட்டி ஈனுவதும் அப்பொழுதே. தன் குட்டிகளுக்கு இரைதேடும் இணையே பெரும்பாலும் ஆட்டுக்குட்டிகளைக் கவர்கின்றது. தாயைச் சுட்டால் வளையிலுள்ள குட்டிகள் பட்டினியால் மடியும். இங்கே புட்டிப்பாற் குட்டிக்காகக் கண்ணீர். அங்கே கண்விழியாக் குட்டிகள். இதற்கு எளிய விடை எந்நூலிலும் இல்லை. நண்பரின் ஆடுகளும் இறுதியில் இறைச்சிக்கே செல்பவை என்பதை நாம் மறைத்தல் நேர்மையாகாது. கொல்லாமை என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், நண்பரைச் சுடும் என்றும் கூறவில்லை; சுடாதீர் என்றும் கூறவில்லை. பட்டிக்கு வரும் ஒன்றைத் தவிர வேறெதனையும் தேடிச்சென்று சுடுவதில்லை, ஆடு ஈனும் பருவம் முடிந்தபின் சுடுவதில்லை என அவர் தாமே இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார்.

காலத்தினுள்ளே காற்றும் அடங்கும். மணிக்குப் பதினாறு கிலோமீற்றர் வேகத்திலே குறுக்கே வீசுங் காற்று, 55 கிரெய்ன் சன்னத்தை இருநூறு யார் தூரத்திலே ஏறக்குறைய நான்கு அங்குலம் ஒதுக்கிவிடும். தேங்காயளவு உயிர்நிலைக்கு அது தவறவோ காயப்படுத்தவோ போதுமானது. ஆகையாற் காற்று அடங்கிய விடியற்பொழுதே தகுந்தது. காற்றெழுந்தால் துவக்கைக் கீழே வைப்பதே அறம்.

மூன்றாவது இடன். இதனை நாம் கண்ணாரக் கண்டோம். ஒருநாள் விடியலிலே நண்பர் வைக்கோற் பொதியொன்றின்மேல் துவக்கைத் தாங்கிப் படுத்திருந்தார். நாம் பின்னே அமர்ந்திருந்தோம். மேட்டின் உச்சியிலே கொயோட்டி தோன்றி நின்றது. தூரம் நூற்றைம்பது மீற்றர் இருக்கும். காற்றில்லை; வெளிச்சமும் போதும். பின்னாலே வெறும் வானம். ஓவியன் ஒருவன் தீட்டியதுபோல அது அசையாது நின்றது. நண்பர் சுடவில்லை. சிறிது நேரத்தில் அது திரும்பி மேட்டுக்கு அப்பால் மறைந்தது. ஏன் என்று கேட்டோம். மேட்டுக்கு அப்பால் அயலவர் வீடு இருக்கின்றது என்றார். இலக்குத் தவறிய .223 சன்னம் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வரை செல்லவல்லது. சிறியதென அவர் முன்பு எண்ணிய .22 சன்னமும் ஒரு மைலுக்கு மேற் செல்லும். பின்னாலே மண்மேடு இல்லாத இடத்திற் சுடலாகாது என்பது பயிற்சியிலே கற்பித்த விதி. எங்கோ ஒருவர் இலக்கின்றி விட்ட வெடி எங்கோ ஒரு முற்றத்திலே விழுந்ததை அறிந்த ஊரிற் பிறந்தவருக்கு அவ்விதியை எவரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை.

நாம் தாயகம் திரும்பிய பின்னர் நண்பர் தொலைபேசியிற் கூறியதாவது: வைகாசியிலே, சரிவின் அடியில், நூறு மீற்றருக்குள் வந்த ஒன்றை ஒரே வெடியில் வீழ்த்தினாராம். அது நின்ற இடத்திலேயே விழுந்ததாம், ஆண் விலங்காம். அருகிற் சென்று சற்று நேரம் நின்றாராம். அதற்கு மேல் அவர் கூறவில்லை, நாமுங் கேட்கவில்லை. அதன்பின் மின்வேலி அமைத்து, இரவிலே ஆடுகளைப் பட்டியில் அடைத்து, பட்டிகாக்கும் வெண்ணிற மலைநாய் ஒன்றையும் வாங்கினார். அடுத்த ஆண்டு ஈற்றுப் பருவத்திலே ஒரு குட்டியே குறைந்தது. துவக்கு அலுமாரியை விட்டு வெளிவரவில்லை. அதனை வாங்கியதற்காக அவர் வருந்தவில்லை. அது பூட்டியிருப்பதற்காக மகிழ்கின்றார்.

ஆங்கிலத்திலே குழலளவைக் குறிக்கும் 'கலிபர்' என்னும் சொல், வார்ப்பச்சைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அதே சொல் ஒருவரின் தகுதியையும் குறிக்கும். அவர் எந்த அச்சில் வார்க்கப்பட்டவர் என்பதே கேள்வி. கல்லூரி என்பதும் ஓர் அச்சுத்தான். இங்கே வார்க்கப்பட்டோர் உலகின் பல திசைகளிலே, எம் ஆசான்மார் கனவிலும் எண்ணாத தொழில்களைச் செய்கின்றனர். எம் பாடநூல்களில் இல்லாத வினாக்களுக்கு விடை தேடுகின்றனர். அவ்வினாக்களுக்கு உரிய விடைகளை நாம் அவர்களுக்குக் கொடுத்தனுப்பவில்லை, கொடுக்கவும் இயலாது. செய்யும் வினைக்கு எவ்வளவு வேண்டும் என நிதானித்தல், இரக்கத்தோடு அறிவையுஞ் சேர்த்துக்கொள்ளுதல், சுடத்தக்க வலியிருந்தும் இடன் நோக்கி அடங்குதல் ஆகிய இவற்றையே கொடுத்தனுப்ப முயல்கின்றோம். மாணவர்காள், இரக்கமுள்ளவன் சிறிய கருவியைத் தேடுவான். அறிவும் உடையவன் போதிய கருவியைத் தேடி, அதனை எடுக்க நேராத வழியையும் தேடுவான். எம் கல்லூரி அன்னை இன்னும் பல்லாண்டு அத்தகையோரை வார்த்தளிப்பாளாக.